வந்தவர்களுக்கு நன்றி சொல்லும் பக்கம்

இன்று காலை கடையைத் திறந்த கையோடு ஒரு மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். தளவானூர்க்காரர்கள். மாப்பிள்ளையின் அண்ணன் பையிலிருந்து பத்திரிகையை எடுத்து என் மேசைமேல் வைத்தார். நான்கு மூலையிலும் மஞ்சள், தொட்டால் விரலில் ஒட்டுகிற ஈரத்தோடு. கீழே உரக்கடையில் மூட்டை பிரித்திருந்தார்கள். அந்த நெடி படியேறி வந்து அறை முழுக்க நிறைந்திருந்தது. அதையும் தள்ளிக்கொண்டு மஞ்சள் வாசனை என் மூக்குக்கு வந்துவிட்டது.

"இத அப்டியே வெப்சைட்டா போட்டுக் குடுங்க மேடம். கல்யாணம் முடிஞ்சா அதுவே ஃபோட்டோ பக்கத்துக்குப் போயிடுமாமே. மண்டகப்பட்டுல எங்க பங்காளி ஒருத்தர் சொன்னாரு" என்றார் அண்ணன்.

போகும் என்றேன். அதை யோசித்துக் கண்டுபிடித்தவள் யார் என்று அவர் கேட்கவில்லை. நான் எதற்கு வலியச் சொல்ல வேண்டும்? அவர்கள் படியிறங்கிப் போனதும் பத்திரிகையைக் கவிழ்த்து வைத்தேன். வாசனை போகவில்லை. அப்புறம் உட்கார்ந்து அழுதேன். அழுது முடித்துவிட்டு உனக்கு இதை எழுதத் தொடங்கினேன். எழுதி என்ன ஆகப் போகிறது என்று கேட்பாய். கேள். உன்மேல் எனக்கு இருக்கும் கோபத்துக்கு முன்னால் உன் கேள்வியெல்லாம் ஒன்றுமில்லை.

திண்டிவனத்தில் படித்து முடித்ததும் நம் வகுப்பே மெட்ராசுக்கு மூட்டை கட்டியது. உனக்கும் அங்கே ஒரு வேலை கிடைத்திருந்தது. நீ போகவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "பொழுது இருக்கறப்பவே சாப்பாட்டு டப்பாவ தொறந்தா அங்க இன்னா சொல்லுவாங்கடி?" என்றாய். நான் முதலில் விளையாட்டு என்றுதான் நினைத்தேன். பிறகுதான் புரிந்தது. உங்கள் வீட்டில் பொழுது சாய்ந்த பிறகு யாரும் வாயில் சோறு வைப்பதில்லை. ஜைன வீட்டு வழக்கம். தொண்டூரில் இருந்து வரும் பெண்ணுக்கு மெட்ராஸ் கம்பெனி அதற்கெல்லாம் இடம் கொடுக்காது என்று நீயே முடிவு செய்துவிட்டாய். இப்படி ஒரு வேளைச் சோற்றுக்காகத்தான் செஞ்சியில் நம் கடை பிறந்தது.

உரக்கடை மாடியில் ஒற்றை அறை, ரெண்டு கம்ப்யூட்டர், திருவண்ணாமலை ரோட்டின் இரைச்சல். மேற்கே பார்த்த ஜன்னல் வேண்டும் என்று அடம்பிடித்தவளும் நீதான். ராஜகிரி மலைக்குப் பின்னால் சூரியன் இறங்குவதற்குள் நீ டப்பாவைத் திறந்துவிட வேண்டும். எதிரில் எவ்வளவு பெரிய மனிதர் உட்கார்ந்திருந்தாலும், "ஒரு நிமிஷம் சார்" என்று நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு சாப்பிடுவாய். "சூரியன் இன்னா உன் மாமனாரா, இப்டி பயப்படற" என்று கிண்டல் செய்வேன். "மாமனாரா இருந்தா சமாளிச்சுக்குவேன். வா, ரெண்டு வாய் வாங்கிக்க" என்பாய். கை கழுவின ஈரத்தோடு தொண்டூர் பஸ்ஸுக்கு ஓடுவாய். நான் உன் கம்ப்யூட்டரையும் சேர்த்து அணைத்துவிட்டுக் கடையைச் சாத்துவேன்.

முதலில் லாட்ஜ், நகைக்கடை, நெல் மண்டி என்று வந்ததையெல்லாம் செய்தோம். கல்யாணப் பத்திரிகைக்கு வெப்சைட் என்பது உன் யோசனை. அச்சடித்த பத்திரிகையின் மூலையில் ஒரு கியூஆர் கட்டம் இருக்கும். போனைக் காட்டினால் பக்கம் திறக்கும். முகவரி ஒன்றுதான், ஆனால் திறக்கிற நாளைப் பொறுத்து வேறு வேறு பக்கம். கல்யாணத்துக்கு முன்னால் அழைப்பு. கல்யாணத்தன்று மண்டபத்துக்கு வழி. மறுநாளிலிருந்து நன்றி சொல்லும் பக்கம், கீழே போட்டோக்கள். அச்சடித்துக் கொடுத்த அட்டையைத் திரும்ப வாங்கித் திருத்த முடியாது. ஆனால் அதைப் பார்த்து வந்து நிற்கிற ஆளை வேறு பக்கத்துக்கு அனுப்பலாம். நீ பிடித்துக்கொண்ட விஷயம் அதுதான்.

அதை நான் முதலில் லேசான வழியில் செய்தேன். பக்கம் திறக்கும், பழையது ஒரு விநாடி தெரியும், பிறகு தானாக அடுத்ததற்குத் தாவும். நீ பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாய்.

"வூட்டுக்குள்ள கூப்ட்டு, பாய் போட்டு ஒக்கார வச்சு, அப்புறம் எழுந்து பக்கத்து வூட்டுக்குப் போன்னு சொல்லுவியா? வாசல்லயே சொல்லுடி."

வாசல் என்று நீ சொன்னது சர்வரை. பக்கத்தைக் கையில் கொடுப்பதற்கு முன்பே, சர்வரில் இருக்கும் கோடிங் தேதியைப் பார்த்து, இங்கே இல்லை அங்கே போ என்று திருப்பிவிட்டுவிட வேண்டும். தான் திருப்பி அனுப்பப்பட்டதே வந்தவருக்குத் தெரியக் கூடாது. திருப்பிவிட்ட வரிக்கு அடுத்த வரியிலேயே நிறுத்தச் சொல்லவும் வேண்டும். இல்லாவிட்டால் ஆள் போன பிறகும் கீழே எழுதியிருப்பதெல்லாம் யாருக்காகவோ ஓடிக்கொண்டிருக்கும். அந்த வரியை நான் மறந்தபோதெல்லாம் உன்னிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

நீயும் ஒரு தடவை சறுக்கினாய், ஞாபகம் இருக்கிறதா? முந்தின நாள் சாயந்தரம் செஞ்சி மண்டபத்தில் ரிசப்ஷன், விடிவதற்கு முன்னால் சிங்கவரம் கோயிலில் முகூர்த்தம். பெண்ணின் தாய்மாமன் வெளியூரிலிருந்து நேராக முகூர்த்தத்துக்கு வந்து இறங்கியிருக்கிறார். போனைத் திறந்தால் அது மண்டபத்துக்கே வழி காட்டுகிறது. பூட்டின மண்டபத்துக்கு எதிரில் சீர்த் தட்டோடு நின்றுகொண்டு, பக்கத்தின் அடியில் இருந்த நம் நம்பருக்குப் போன் போட்டார். "இன்னாம்மா, தாலி கட்ற எடத்த யாருக்கும் சொல்லாம மாத்திட்டீங்களா?"

சர்வரின் கடிகாரம் ஏதோ வெளிநாட்டு நேரத்தில் இருந்திருக்கிறது. நம் ஊரில் விடிந்து அஞ்சரை ஆனால்தான் அதற்குத் தேதியே மாறும். அவர்கள் அழைத்திருந்ததால் நீ சிங்கவரத்தில் பட்டுப் புடவையோடு நின்றிருந்தாய். யாரோ ஒருவருடைய ஸ்கூட்டியைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு பறந்து வந்து, தாய்மாமனைப் பின்னால் உட்கார வைத்து, தட்டை அவர் மடியில் வைத்து, கோயில் படி அடிவாரம் வரை கொண்டு போய் விட்டாய். அவர் மூச்சு வாங்க ஏறிப்போய்ச் சேர்ந்த பிறகுதான் மேளமே கொட்டினார்களாம். அன்றைக்கே எல்லா வெப்சைட்டையும் இந்திய நேரத்துக்கு மாற்றிவிட்டு, கோடிங்குக்கு நடுவில் எனக்கு ஒரு குறிப்பும் எழுதி வைத்தாய்: "இந்த வரியில கை வைக்காதடி." வரிகளுக்கு நடுவே எனக்கு எதையாவது எழுதி வைப்பது உன் பழக்கம். சர்வர் அதைப் படிக்காது. நான் மட்டும்தான் படிப்பேன்.

உன் கல்யாணத்துக்கு நீயே செய்துகொண்டாய். நான் செய்கிறேன் என்றதற்கு, "நீ செஞ்சா நிறுத்துற வரிய மறந்துடுவ. என் கல்யாணம் பாட்டுக்கு ஓடிக்கினே இருக்கும்" என்று சிரித்தாய். மாப்பிள்ளை வந்தவாசிப் பக்கம், பள்ளிக்கூட வாத்தியார், அதிகம் பேசாதவர். செஞ்சிக் கோட்டையில், ராஜா காலத்துக் கல்யாண மகாலுக்கு எதிரில் போட்டோ எடுத்தோம். குரங்கு ஒன்று போட்டோக்காரரின் தொப்பியைத் தூக்கிக்கொண்டு ஓட, நீ வாய்விட்டுச் சிரித்தாய். மாப்பிள்ளை உன்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் படத்தைத்தான் முகப்பில் வைத்தாய். அப்புறம் உன் நைனாவும் நீயும் ஊர் ஊராகப் போய்ப் பத்திரிகை கொடுத்தீர்கள். சின்ன வயதிலேயே அம்மா போய்விட்ட வீடு. உங்கள் இரண்டு பேரையும் விட்டால் அதைச் செய்ய வேறு ஆள் இல்லை.

கொடுத்து முடித்த வாரம் உனக்குக் காய்ச்சல் வந்தது. டெங்கு என்றார்கள். ரத்தத்தில் என்னவோ குறைந்துகொண்டே போகிறது என்று பாண்டிச்சேரிக்குக் கொண்டு போகச் சொன்னார்கள். ஆம்புலன்சில் உன் கால்மாட்டில் நான் உட்கார்ந்திருந்தேன். கண்ணைத் திறக்காமலே, "மண்டபத்து மேப்ப சரியா பாத்தியாடி?" என்று கேட்டாய். "பாத்தாச்சு. நீ வாய மூடிக்கினு படு" என்றேன்.

அதுதான் நான் உன்னிடம் கடைசியாகப் பேசியது. எத்தனை ஆயிரம் பேச்சு பேசியிருப்போம் நாம். கடைசியாக என் வாயிலிருந்து வந்தது வாய மூடிக்கினு படு. நீயும் சொன்ன பேச்சைக் கேட்டுவிட்டாய். ஒருநாளும் கேட்காதவள்.

உன்னை எடுத்த அன்று தொண்டூர்த் தெருவில் நிற்க இடமில்லை. வந்தவாசியிலிருந்து வேன் வேனாக வந்தார்கள். நம் வாடிக்கையாளர்கள் வந்தார்கள், நம் வகுப்பு மெட்ராசிலிருந்து திரும்பி வந்தது. உன் நைனா கூடத்துத் தூணில் சாய்ந்து உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. யார் கையைப் பிடித்தாலும் அவர் பார்வை அந்த ஆள்மேல் இல்லை.

அதற்கு அடுத்த நாட்களில் போன்கள் வர ஆரம்பித்தன. பத்திரிகை பல ஊர்களுக்குப் போயிருந்தது, செய்தி எல்லா ஊருக்கும் போகவில்லை. கியூஆர் கட்டத்தைக் காட்டினால் நீ சிரித்துக்கொண்டு வா என்று அழைக்கிறாய். கீழே உன் நைனாவின் நம்பர். கல்யாணத்துக்கு எந்த பஸ்ஸில் வர வேண்டும், தங்க ரூம் கிடைக்குமா என்று அவரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவர் ஒவ்வொருவருக்கும் சொன்னார். ஒருமுறை சொல்லும்போது நான் பக்கத்தில் இருந்தேன். குரல் உயராமல், இறங்காமல், "பொண்ணு தவறிட்டாப்பா. நீங்க செரமப்பட்டு வர வேணாம்" என்றார். எதிர்முனையில் இருந்தவருக்கு இவர் ஆறுதல் சொல்ல வேண்டியதாகிவிட்டது.

என்னால் பொறுக்க முடியவில்லை. "அந்தப் பக்கத்துக்கு யாரு வந்தாலும் வேற பக்கத்துக்குத் திருப்பி வுட்டுட்றேன்ப்பா. விஷயத்த நாலு வரி எழுதி வச்சுட்டா யாரும் உங்களக் கூப்பிட மாட்டாங்க" என்றேன்.

"அத மூடாதம்மா" என்றார். "வூட்ல இருக்கற ஃபோட்டோல எல்லாம் மொறச்சிக்கினு நிக்கறா. சிரிக்கறது அதுல ஒண்ணுலதான் இருக்குது." தினமும் அதைத்தான் திறந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். கழனியில், பம்பு செட்டில், சாப்பிட உட்காருமுன். "ஃபோன் வந்தா வரட்டும். நான் சொல்லிக்கறேன்."

அவருக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். அந்தப் பக்கம் நான் மூடாவிட்டாலும் தானாக மூடிக்கொள்ளும். நீ குறித்த கல்யாண நாள் போய் மறுநாள் ஆனதும், உன் கோடிங் தேதியைப் பார்த்து, வருகிற அனைவரையும் நன்றிப் பக்கத்துக்குத் திருப்பிவிடும். காலையில் அவர் வழக்கம்போல உன் முகத்தைத் தேடித் திறப்பார். அங்கே எங்கள் திருமணத்திற்கு வந்து வாழ்த்தியதற்கு நன்றி என்று எழுதியிருக்கும். அதைப் படித்தால் அந்த மனிதர் என்ன ஆவார் என்று நினைத்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

தேதி பார்க்கிற வரிகளை எடுத்துவிட்டால் தீர்ந்தது. எடுக்கலாம் என்று உன் கம்ப்யூட்டரை ஓட்டினேன். அந்த வரிகளுக்கு மேலே எனக்குக் குறிப்பு எழுதி வைத்திருந்தாய்: "இதுக்கு மேல நான் லீவு. நீயே பாத்துக்க." கல்யாணம் முடிந்து கொஞ்ச நாள் கடைக்கு வர மாட்டாய் என்பதற்காக எழுதியது. எனக்குத் தெரியும். தெரிந்தும் கை ஓடவில்லை. கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுத் தொண்டூர் பஸ் ஏறினேன். அவரைக் கேட்காமல் எதையும் செய்ய எனக்கு மனமில்லை.

விஷயத்தைச் சொல்லி, என் போனில் அந்த நன்றிப் பக்கத்தை அவருக்குக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, உதடு அசைய மெதுவாகப் படித்தார். எங்கள் திருமணத்திற்கு நேரில் வந்து வாழ்த்திய உற்றார் உறவினர், நண்பர்கள் அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. யாரையாவது சரியாகக் கவனிக்காமல் விட்டிருந்தால் பெரிய மனதோடு மன்னிக்கவும். எல்லாக் கல்யாணத்துக்கும் நாம் போடுகிற அதே வாசகம்தான். அடியில் உங்கள் இரண்டு பேர் பெயர்.

"எடுத்துடட்டுமாப்பா?" என்றேன். "தேதிய பாக்கற வரிய எடுத்துட்டா பழைய பக்கமே எப்பவும் இருக்கும். அவ சிரிச்சிக்கினே இருப்பா."

அவர் மறுபடியும் முதலிலிருந்து படித்தார். பிறகு போனைத் தன் தொடைமேல் வைத்துக்கொண்டு பேசினார்.

"அன்னிக்கு அத்தன பேரு வந்தாங்களே. யாரு வந்தா, யாரு போனா, ஒண்ணும் தெரியல எனக்கு. வந்தவங்களுக்கு ஒரு சொம்பு தண்ணி குடுக்கல. வாங்கன்னு ஒரு வார்த்த கேக்கல. வந்தவாசிலேர்ந்து வந்தவங்க பசியோட திரும்பிப் போனாங்களாம், பொறவு சொன்னாங்க. பத்திரிக குடுத்ததுல சேதி தெரிஞ்ச வூடு ஒண்ணு பாக்கி இல்லாம வந்தாங்கம்மா." கண்ணாடியைக் கழற்றினார். "கவனிக்காம வுட்டிருந்தா மன்னிக்கணும்னு எழுதி வச்சிருக்குது பாரு, என் பொண்ணு. இத நான் யாருகிட்ட போய் எப்டி சொல்றதுன்னு இத்தன நாளா தெரியாம ஒக்காந்திருந்தேன். வரட்டும்மா. அவ எழுதுன நாளுக்கு அவ எழுதுனபடியே வரட்டும்."

"திருமணத்திற்குன்னு இருக்குதேப்பா."

"அந்த ஒரு வார்த்தைய எடுத்துடு."

பஸ் ஸ்டாப்பில் நின்று மாப்பிள்ளைக்குப் போன் போட்டேன். நன்றிப் பக்கத்திலிருந்து அவர் பெயரை எடுத்துவிடலாமா என்று கேட்டேன். "இருக்கட்டுங்க" என்றார். "வேற எங்கயும் எங்க பேரு ஒண்ணா வரப்போறதில்ல." கடைக்கு வந்ததும் திருமணத்திற்கு என்ற வார்த்தையை மட்டும் எடுத்தேன். உன் வரிகளில் கை வைக்கவில்லை.

நீ குறித்த நாள் வந்தது. அன்றைக்குப் பக்கம் மண்டபத்துக்கு வழி காட்டும். அதையும் நான் நிறுத்தவில்லை. நீ எழுதினபடியே வரட்டும் என்று உன் நைனா சொல்லிவிட்டாரே. ஆனால் யாராவது அதைப் பார்த்து வந்துவிட்டால்? நான் விடிந்ததும் திண்டிவனம் ரோட்டில் மண்டபத்து வாசலில் போய் நின்றுகொண்டேன். வேறு யாரும் அன்றைக்கு மண்டபத்தை எடுக்கவில்லை. கேட் பூட்டியிருந்தது. வாட்ச்மேன், "இன்னாம்மா, யாருக்காக நிக்கற?" என்றான். கல்யாணத்துக்கு என்றேன். அவன் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போய்விட்டான்.

வெயில் ஏறிய பிறகு ஓர் ஆட்டோ வந்து நின்றது. வயதான கணவன் மனைவி இறங்கினார்கள். பெங்களூரில் மகன் வீட்டில் இருப்பவர்கள், உன் அம்மா வழியில் தூரத்துச் சொந்தம். கையில் பத்திரிகை, அந்த அம்மா இடுப்பில் பித்தளைக் குடம் ஒன்று, பளபளவென்று புளி போட்டு விளக்கியது.

"மண்டபம் பூட்டி இருக்குதேம்மா. நாள் தப்பா?" என்றார் பெரியவர். "ஃபோன்ல இந்த எடந்தான் காட்டுது."

"நாள் சரிதாங்க" என்றேன். என் முகத்தைப் பார்த்த அந்த அம்மாவுக்குப் பாதி புரிந்துவிட்டது. "பொண்ணோட நைனாவுக்கு எதுனா ஆயிடுச்சா?" என்றார். இல்லை என்று தலையாட்டினேன். குடத்தைத் தரையில் வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்தார்.

நான் சொன்னேன். ஒரு தடவைதான் சொன்னேன். உன் நைனா அத்தனை தடவை எப்படிச் சொன்னார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பிறகு அதே ஆட்டோவில் அவர்களை ஏற்றி, தொண்டூருக்கு எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று டிரைவருக்குச் சொல்லி அனுப்பிவைத்தேன். வேறு யாரும் வரவில்லை. சாயந்தரம் வரைக்கும் நின்றுவிட்டுத்தான் போனேன்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் தொண்டூருக்குப் போனேன். உன் நைனா வரப்பில் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "மாறிடுச்சும்மா" என்றார். பக்கத்தில் உட்கார்ந்தேன். இரண்டு பேரும் சேர்ந்து ஒருமுறை படித்தோம். நேரில் வந்து வாழ்த்திய உற்றார் உறவினர், நண்பர்கள் அனைவருக்கும். வாழ்த்திய என்ற சொல்லையும் நான் எடுத்திருக்க வேண்டுமோ என்று அப்போது தோன்றியது.

"பழசு இனிமே வராதா?"

"வராதுப்பா."

"அழிஞ்சுடுச்சா?"

"அழியல. கீழ அப்டியே இருக்குது. வர்றவங்கள மேலயே திருப்பி வுட்டுட்றதால யாரும் அங்க போவ முடியாது."

அவர் தண்ணீர் ஓடுகிற வாய்க்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "உங்களுக்கு வேணும்னா ஒரு வழி இருக்குதுப்பா. நாங்க சோதிச்சுப் பாக்கறதுக்கு வச்சிருந்தது. முகவரிக்குப் பின்னால ஒரு வார்த்தய சேத்துப் போட்டா, தேதிய பாக்காம உள்ள வுட்டுடும்."

"இன்னா வார்த்த?"

"சாப்டியா."

உன் நைனா சிரித்தார். நீ போன பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். சிரித்த முகம் அப்படியே கோணிக்கொண்டு போயிற்று. துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். நானும் அழுதேன். பம்பு செட்டு பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அழுது ஓய்ந்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"வேணாம்மா" என்றார். "எல்லாருக்கும் மூடுனது எனக்கும் மூடுனதாவே இருக்கட்டும். தொறந்து வச்சா நான் அங்கயே ஒக்காந்துடுவேன்."

சொன்னபடியே இருக்கிறார். அந்த வார்த்தையை அவர் ஒருநாளும் போட்டதில்லை. போட்டிருந்தால் சர்வர் குறித்து வைக்கும், எனக்குத் தெரியும். கழனி வேலை பார்க்கிறார், பொழுதோடு சாப்பிடுகிறார், என்னைப் பார்த்தால் இன்னாம்மா இளைச்சிட்ட என்கிறார். மாப்பிள்ளைக்கும் சமீபத்தில் கல்யாணம் ஆகிவிட்டது. நல்ல இடம் என்று கேள்வி. நன்றிப் பக்கத்தில் அவர் பெயரை, அவர் வந்து கேட்கிற தர்மசங்கடத்தைக் கொடுக்காமல், நானே எடுத்துவிட்டேன். இப்போது அங்கே உன் பெயர் மட்டும் இருக்கிறது.

உன் நைனாவுக்கு இருக்கும் திடம் எனக்கு இல்லை. நான் போகிறேன். தினமும் வேலை முடிந்ததும், கடையைச் சாத்துமுன், அந்த வார்த்தையைப் போட்டு உள்ளே போகிறேன். நீ சிரிக்கிறாய், அவர் உன்னைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார், இரண்டு பெயரும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. பெயர்களுக்குக் கீழே, திருமணத்துக்கு இன்னும் எத்தனை நாள் என்று காட்டுகிற கட்டம் ஒன்று வைத்திருக்கிறாய். கல்யாணம் முடிந்த பிறகு அந்தப் பக்கத்தை யாரும் பார்க்கப் போவதில்லை என்பதால், நாள் கடந்துவிட்டால் என்ன காட்ட வேண்டும் என்று நீ எழுதவில்லை. அதனால் அது பாட்டுக்கு எண்ணிக்கொண்டிருக்கிறது. எண்ணுக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி, தினமும் ஒன்று கூடுகிறது. சரிசெய்ய ஒரு வரி போதும். எனக்கு எழுதத் தெரியாததா? நான் தொடவில்லை. உன்னைத் தேடி வருகிற எல்லாரையும் நன்றி சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டு, நான் மட்டும் உள்ளே உட்கார்ந்து உன் கல்யாணத்துக்கு நாள் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.